ஒண்ணு குறைஞ்சாத்தான் கணக்கு சரி

புதுசா வேலைக்கு வந்திருக்கற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நல்ல வார்த்தைக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க, கண்ணுகளா. ரிட்டயர் ஆகி ஊட்ல உக்காந்த பொறவும் எனக்கு ஆறாம இருக்கறது கோபம் ஒண்ணுதான். அதைத்தான் சொல்லப் போறேன். காப்பி குடிக்கறவங்க குடிச்சுக்கிட்டே கேளுங்க.

நான் ஸ்பெஷல் டீச்சர். பேச்சு வராத புள்ளைங்க, ஒரு எடத்துல உக்கார முடியாத புள்ளைங்க, சத்தம் கேட்டா நடுங்கற புள்ளைங்க, சக்கர நாற்காலில வர்ற புள்ளைங்க, இவங்களோடவே என் வேலைக் காலம் முழுசும் போச்சு. கோயமுத்தூரைச் சுத்தி எத்தனையோ பள்ளிக்கூடத்துல இருந்திருக்கேன். எல்லா எடத்துலயும் தீ விபத்து ஒத்திகை நடக்கும். சைரன் அடிக்கும், புள்ளைங்க வரிசையா இறங்கி கிரவுண்டுக்கு வரணும், பி.டி. சார் கையில ஸ்டாப் வாட்ச் வெச்சுக்கிட்டு நிப்பாரு. நல்ல விஷயம்தான், யார் இல்லேன்னா? ஆனா அன்னைக்கு நம்ம புள்ளைங்களை என்ன பண்றாங்கன்னு மட்டும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. வயிறு எரியும்.

ஆர்.எஸ்.புரத்துல ஒரு ஸ்கூல்ல, ஒத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் நம்ம புள்ளைங்களோட அம்மாக்களுக்கு மட்டும் போன் போகும். "ஏனுங்க, நாளைக்கு உங்க பையனுக்கு லீவு விட்டுருங்க. ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க." இன்னொரு எடத்துல, சக்கர நாற்காலில வர்ற புள்ளைய சைரன் அடிக்கறதுக்கு முன்னாடியே தூக்கிட்டு வந்து கிரவுண்டுல உக்கார வெச்சிருவாங்க. பாக்க வந்தவங்க கேட்டா, "நம்ம ஸ்கூல்ல ஸ்பெஷல் சில்ட்ரன்தானுங்க முதல்ல வெளிய வருவாங்க"ன்னு பெருமை வேற! நெசமாத் தீப்பிடிச்சா, தீ என்ன முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிட்டா வரும்? கேக்கறதுக்கு ஆள் இல்ல. கேட்டா, "மிஸ், நீங்க எல்லாத்தையும் பெருசாக்கறீங்க"ன்னு சொல்லுவாங்க.

அதெல்லாம் சின்ன விஷயம். சிங்காநல்லூர் பக்கம் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம். அங்க மூணாங் கிளாஸ்ல ஜெனின்னு ஒரு பொண்ணு. அப்பா பவுண்டரில மோல்டிங் வேலைக்குப் போறவரு. அம்மா எஸ்தர், ஊட்லயே ஜாக்கெட் தைக்கறவங்க. ஜெனிக்குப் பேச்சு ரொம்பக் குறைவு. ஆனா நீங்க சொன்னதை ஒரு தடவை மனசுல வாங்கிட்டான்னா, அப்புறம் அதை மாத்தவே மாட்டா. தண்ணி பாட்டில் எந்தப் பக்கம் இருக்கணும், எந்தப் படில எந்தக் கால் வெக்கணும், எல்லாம் அவளுக்குச் சட்டம். சத்தம்தான் ஆகாது. மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கிட்டு மணிக்கட்டைக் கடிச்சுக்குவா.

நான் அந்த ஸ்கூலுக்குப் போறதுக்கு முந்தின வருசம், ஒத்திகை அன்னைக்கு சைரன் அடிச்சதும் ஜெனி அலறிக்கிட்டு மாடிப்படிலயே படுத்துட்டாளாம். பின்னால வந்த வரிசை மொத்தமும் நின்னுபோச்சு. அன்னைக்குன்னு பாத்து விருந்தாளிங்க வந்திருக்காங்க. கரெஸ்பாண்டன்ட் சாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அடுத்த நாளே ஒரு ஏற்பாடு பண்ணிட்டாங்க. இனிமே ஒத்திகைன்னா ஜெனிய முன்னாடியே மேல் மாடிக் கோடில இருக்கற ஏ.வி. ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிரணும். படம் போட்டுக் காட்டற ரூம் அது. கனமான கதவு, தரை பூரா கார்ப்பெட், திரைச்சீலை, வெளிச் சத்தம் உள்ள வராது. தலைல பெரிய ஹெட்போன். விளையாட, அவ அம்மா குடுத்து விட்ட பட்டன் டப்பா. உள்ளுக்குள்ள தாப்பாளை அவளே போட்டுக்குவா. எல்லாம் முடிஞ்ச பொறவு யாராவது போய், வெளிய இருக்கற சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பாங்க. உள்ள லைட் மினுக்கறதைப் பாத்து அவ கதவைத் திறப்பா.

சேந்த புதுசுல பிரின்சிபால் மேடத்துகிட்டக் கேட்டேன்: "எல்லாப் புள்ளையும் கீழ இறங்கறப்ப இவளை மட்டும் எதுக்குங்க மேடம் மேல ஏத்தறீங்க?"

"அவளுக்காகத்தான் மிஸ். பாவம், பயந்துக்கறா. அவங்க அம்மாவே எங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க, தெரியுமா?"

"எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க மேடம், சத்தத்துக்கு நான் பழக்கறேன்."

"அடுத்த வருசம் பாக்கலாங்க மிஸ். இப்ப எல்லாம் ஸ்மூத்தாப் போகுது, அதை எதுக்குக் கெடுக்கணும்?"

நான் விடல. ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு தடவை, கரெஸ்பாண்டன்ட் ரூம்ல ஒரு தடவை பேசிப் பாத்துட்டேன். "ஒத்திகை பி.டி. சார் டிபார்ட்மென்ட், உங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க"ன்னு வாயை அடைச்சுட்டாங்க. தீ என்ன டிபார்ட்மென்ட் பாத்துப் பிடிக்குமான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே டீ சொன்னாங்க.

அதுக்குள்ள ஒரு ஒத்திகை வந்துச்சு. ஜெனிய முன்கூட்டியே மேல கூட்டிட்டுப் போக வேண்டிய ஆயாம்மா வேற வேலைல மாட்டிக்கிட்டாங்க, சைரன் அடிச்சிருச்சு. என்ன பண்ணினா தெரியுமா அந்தப் பொண்ணு? காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, எல்லாரும் இறங்கற படில எதுத்தாப்புல ஏறி, தானாவே ஏ.வி. ரூமுக்குப் போய், தாப்பாள் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்துக்கிட்டா. மேடத்துக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "பாத்தீங்களா மிஸ், அவளே கத்துக்கிட்டா!" அசெம்பிளில கூப்பிட்டு நிறுத்தி, கை தட்டச் சொல்லி, சாக்லேட் குடுத்தாங்க. திரும்பவும் போய்ச் சொன்னேன். திரும்பவும் டீ சொன்னாங்க.

இன்னொண்ணும் இருக்கு, இதை நல்லாக் கேட்டுக்கங்க. கிரவுண்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கிளாஸ் டீச்சரும் தலையை எண்ணி அட்டை காட்டணும். எல்லாரும் இருந்தா பச்சை. ஒரு புள்ளை குறைஞ்சாலும் சிவப்பு. மூணாங் கிளாஸ் டீச்சர் சின்னப் பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும். முதல் தடவை நேர்மையா சிவப்புதான் காட்டினா. பி.டி. சார் மைக்லயே கத்தினாரு: "அட, அந்தப் பொண்ணு மேல இருக்கறது தெரிஞ்ச விஷயம்தானுங்க மிஸ்! பச்சையக் காட்டுங்க, டைம் ஓடுது!" அன்னைல இருந்து அந்தக் கிளாசுக்கு மட்டும் ஒண்ணு குறைஞ்சாத்தான் கணக்கு சரி. ஜெனி வரிசைல இல்லேன்னாத்தான் பச்சை. இப்படி ஒரு கணக்கை எந்தப் படிக்காதவனாவது போடுவானா? நாமதான் போடுவோம். பி.எட். படிச்ச நாம.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல, முதல் மாடில கம்ப்யூட்டர் லேபுக்குப் பக்கத்துல பேட்டரியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கற ரூம்ல நெசமாவே தீப்பிடிச்சிருச்சு. சைரன் அடிச்சுது. எல்லாரும் ஒத்திகைன்னே நெனைச்சாங்க. நான் கீழ என் ரூம்ல சக்கர நாற்காலிப் புள்ளை ஒருத்தியோட இருந்தேன். அவளைத் தள்ளிக்கிட்டு வெளிய வர்றப்பதான் ஒயர் கருகற நாத்தம் மூக்குல ஏறுச்சு. நிமிந்து பாத்தா, லேப் ஜன்னல்ல கரும்புகை. யாரோ மெயினை அணைச்சாங்க, சைரனும் நின்னுபோச்சு.

கிரவுண்டுல எல்லா அட்டையும் பச்சை. மூணாங் கிளாசும் பச்சை. பி.டி. சார் தொண்டை கிழியக் கத்தறாரு, "எல்லாரும் வந்தாச்சு! ஆல் கிளியர்!" நான் ஓடிப்போய் மூணாங் கிளாஸ் வரிசையப் பாத்தேன். ஜெனி இல்ல.

"ஜெனி எங்க மிஸ்?"

"மேலதானுங்க மிஸ் இருப்பா, எப்பவும் போல"ன்னு சொல்லிட்டே வந்த அந்த டீச்சர் பொண்ணு, பாதில நிறுத்திட்டா. கையில இன்னும் பச்சை அட்டை. "மிஸ்... நான் பச்சை காட்டிட்டனே மிஸ்..."

அப்புறம் கேக்கணுமா? ஆளுக்கு ஒரு பக்கம் ஓடறாங்க. ஒருத்தர் பாத்ரூம்ல தேடறாரு. வாட்ச்மேன் ரோட்டுக்கு ஓடறாரு. மேடம் நின்ன எடத்துல அழுதுக்கிட்டிருக்காங்க. "பயந்து எங்கயாவது ஒளிஞ்சிருப்பா"ன்னு ஒருத்தர். கண்ணுகளா, அந்த மாதிரி நேரத்துல ஒரு புள்ளை எங்க போயிருக்கும்னு ஊகம் பண்ணாதீங்க. சைரன் அடிச்சா என்ன செய்யணும்னு அந்தப் புள்ளைக்கு யார் என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு யோசிங்க. ஜெனி ஒளியல. அவளுக்குச் சொல்லிக் குடுத்த எடத்துக்குப் போயிருந்தா. பேட்டரி ரூமுக்கு நேர் மேல.

கரெஸ்பாண்டன்ட் சார் வழிய மறிச்சாரு. "பயர் சர்வீஸ் வந்துட்டிருக்காங்க மிஸ், சித்த இருங்க."

"நீங்க இருங்க சார்"னு சொல்லிட்டு நடந்தேன். பி.டி. சார் கூடவே வந்தாரு. அந்த மனுசன் மேல எனக்கு இருந்த கோபம் கொஞ்சமில்ல, ஆனா அன்னைக்கு அவர் ஒரு வார்த்தை பேசாம வந்தாரு, அதையும் சொல்லணும். இதை வீரம்னு நெனைச்சு நீங்களும் கிளம்பிராதீங்க. ஏ.வி. ரூமுக்குப் போற கோடிப் படில புகை ஏறல, அதைப் பாத்துட்டுத்தான் ஏறினேன். புகை ஏறியிருந்தா கீழயே நின்னிருக்கணும், நெஞ்சு வெடிச்சுப் போனாலும் நின்னிருக்கணும்.

மேல் மாடி இருட்டா இருந்துச்சு. ஏ.வி. ரூம் கதவு உள்ள தாப்பாள். பி.டி. சார் ரெண்டு கையாலயும் இடிக்கறாரு, "ஜெனி! ஜெனிம்மா!" ஹெட்போன் மாட்டியிருக்கற புள்ளைக்கு என்ன கேக்கும்? சுவிட்சைத் தட்டினேன். கரண்ட் ஏது? அவர் கதவை உதைக்கக் காலைத் தூக்கிட்டாரு.

"வேண்டாங்க சார்! கதவு உடைஞ்சா பயந்து மேசைக்கடில பூந்துக்குவா. இந்த இருட்டுல தேடி எடுக்க முடியாது."

கதவுல கையகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்துச்சு. என் செல்போன் டார்ச்சைப் போட்டு, அந்தக் கண்ணாடில வெச்சு, அணைச்சேன், போட்டேன், அணைச்சேன், போட்டேன். கர்த்தரே, மாரியாத்தா, யாராவது அவளை நிமிந்து பாக்க வையுங்கன்னு வாயில வந்த சாமியெல்லாம் கூப்பிட்டேன். தாப்பாள் நகர்ற சத்தம் கேட்டுச்சு.

கதவைத் திறந்துட்டு ஜெனி திரும்பவும் போய் அவ எடத்துல உக்காந்துக்கிட்டா. தரைல பட்டனெல்லாம் கலர் கலரா அடுக்கி வெச்சிருக்கா. கார்ப்பெட் ஓரத்துல மெல்லிசா புகை கசியுது, அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. பி.டி. சார் குனிஞ்சு தூக்கப் போனாரு. கையப் பிடிச்சு நிறுத்தினேன். அலறிக்கிட்டுத் திமிர்ற புள்ளையோட அந்தப் படில இறங்கினா மூணு பேரும் உருண்டிருப்போம். டப்பாவோட மூடிய எடுத்து அவ முன்னால நீட்டினேன். கிளாஸ்ல எந்த வேலை முடிஞ்சாலும் நாங்க மூடியத்தான் மூடுவோம். அவ என் மூஞ்சியப் பாத்தா, மூடியப் பாத்தா. அப்புறம் பட்டனை ஒவ்வொண்ணா எடுத்து டப்பாவுல போட ஆரம்பிச்சா.

ஒவ்வொண்ணா! பி.டி. சார் பல்லைக் கடிச்சுக்கிட்டு சுவத்தைப் பிடிச்சு நிக்கறாரு. நான் கூட சேந்து எடுத்துப் போட்டா அவ ஆரம்பத்துல இருந்து திரும்பவும் அடுக்குவா, அதனால கையக் கட்டிக்கிட்டு நின்னேன். கடைசி பட்டனும் உள்ள போச்சு. மூடிய மூடினா. எந்திரிச்சு என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. இறங்கி வந்துட்டோம்.

தீயணைப்பு வண்டி வந்து சீக்கிரமே அணைச்சுட்டாங்க. ஆனா அதுக்குள்ள ஏ.வி. ரூம்ல ஆள் நிக்க முடியாத அளவுக்குப் புகை நெறைஞ்சு போச்சு. மேல போய்ப் பாத்துட்டு வந்த ஆபீசர் கேட்டாரு, "அந்த ரூம்ல யாராவது இருந்தாங்களா?"

கரெஸ்பாண்டன்ட் சார் கண்ணைக்கூட சிமிட்டல. "யாரும் இல்லீங்க சார். எல்லாக் கிளாசும் பச்சை."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "இருந்தா சார். இதோ நிக்கறா பாருங்க, இவதான் இருந்தா. இவ இல்லாமதான் இவங்க பச்சை காட்டினாங்க"ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். அந்த ஆபீசர் ஜெனியப் பாத்தாரு, கரெஸ்பாண்டன்டைப் பாத்தாரு, தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டாரு.

அதோட திருந்தியிருப்பாங்கன்னுதானே நெனைக்கறீங்க? அடுத்த நாள் எஸ்தரை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. நானும் போனேன், கூப்பிடாமலே. கரெஸ்பாண்டன்ட் சார் ரொம்ப மரியாதையா ஆரம்பிச்சாரு.

"அம்மணி, உங்க பொண்ணு இன்ஸ்ட்ரக்ஷன் எதையும் கேக்கறதில்லீங்க. எல்லாரும் கீழ இறங்கறப்ப இவ மட்டும் மேல ஏறினா நாங்க என்ன பண்ண முடியும் சொல்லுங்க? எங்களால இந்த ரிஸ்க்கை எடுக்க முடியாது. டி.சி. வாங்கிக்கங்க. இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னே நல்ல ஸ்கூல் இருக்குது."

எஸ்தர் கையெடுத்துக் கும்பிடறாங்க. "தப்புதானுங்க சார், மன்னிச்சுக்கங்க. என்ற புள்ளைக்கு நான் ஊட்ல நல்லாச் சொல்லிக் குடுக்கறனுங்க. இன்னொருக்கா இப்படிச் செய்ய மாட்டாளுங்க."

அந்தக் கும்பிட்ட கையப் பாத்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. "எஸ்தர், கைய இறக்குங்க. உங்க பொண்ணு ஒரு தப்பும் செய்யல. இந்த ஸ்கூல்ல இத்தனை பேர் இருந்தும், சொல்லிக் குடுத்ததை ஒரு எழுத்து மாறாம செஞ்சவ அவ ஒருத்திதான். சைரன் அடிச்சா மேல போ, தாப்பாள் போடு, காதை மூடு. இதைச் சொல்லிக் குடுத்து, சாக்லேட் குடுத்து, கை தட்டினது இவங்க. தீக்கு மேல கொண்டு போய் உக்கார வெச்சுட்டு, இப்ப அவ பேச்சுக் கேக்கலேன்னு சொல்றாங்க. வெக்கமா இல்லீங்களா சார் உங்களுக்கு?"

"மிஸ், வார்த்தைய அளந்து பேசுங்க."

"அளந்துதான் பேசறேன். சட்டப்படி இந்தப் புள்ளைய நீங்க அனுப்ப முடியாது. அனுப்பினீங்கன்னா, ஏன் அனுப்பினீங்கன்னு அந்த ஆபீசர்கிட்டயும் கலெக்டர் ஆபீஸ்லயும் போய் நானே சொல்லுவேன்."

எஸ்தர் கைய இறக்கினாங்க. அவங்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும், ஆனா ஜெனி தானா ஏறிப் போனதும், அதுக்குக் கை தட்டினதும் தெரியாது. அவங்ககிட்ட யாருமே சொல்லல. மெதுவா மேடம் பக்கம் திரும்பினாங்க.

"நெசமாங்க மேடம்? மேல போனதுக்கு சாக்லேட் குடுத்தீங்களா?"

மேடம் மேசையப் பாத்துக்கிட்டே தலைய ஆட்டினாங்க.

"ஊட்டுக்கு வந்து அந்த சாக்லேட் காகிதத்த எனக்குக் காட்டினாளுங்க. நானும் நல்லாப் படிச்சதுக்குக் குடுத்தாங்களாட்டம்னு நெனைச்சு முத்தம் குடுத்தனுங்க." எந்திரிச்சு நின்னாங்க. "டி.சி. வேண்டாங்க சார். என்ற புள்ளை இங்கயேதான் படிப்பா. நீங்க மேல போகச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, கீழ இறங்கவும் நீங்களே சொல்லிக் குடுங்க."

அப்புறம்தான் அவளைக் கீழ இறங்கப் பழக்க எனக்கு அனுமதி கிடைச்சுது. பல மாசம் பிடிச்சுது. எப்படிப் பழக்கினேன்னு கேக்காதீங்க, அதெல்லாம் உங்களுக்குப் படிப்புலயே சொல்லித் தர்றாங்க. புதுசா ஒண்ணைக் கத்துக் குடுக்கறதைவிட, தப்பாக் கத்துக் குடுத்ததை அழிக்கறது எத்தனை பாடுன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஏ.வி. ரூம் கதவைப் பாத்தாலே அவ கால் அந்தப் பக்கம்தான் திரும்பும். ஒவ்வொரு தடவையும் எனக்கு அவங்க மேல புதுசாக் கோபம் வரும்.

அடுத்த பெரிய ஒத்திகை வந்துச்சு. அதே ஆபீசரும் வந்திருந்தாரு. நான் எஸ்தரையும் வரச் சொல்லியிருந்தேன், கிரவுண்டு ஓரத்துல நின்னாங்க. சைரன் அடிச்சுது. எல்லாக் கிளாசும் வந்தாச்சு, மூணாங் கிளாஸ் தாண்டி நாலாவதுக்கு வந்திருந்த ஜெனி கிளாஸ் மட்டும் வரல. கரெஸ்பாண்டன்ட் சார் வாட்சையே பாக்கறாரு. அப்புறம் படில சத்தம் கேட்டுச்சு. ஜெனி வர்றா. தலைல ஹெட்போன், அதுக்கு மேல ரெண்டு கை, கண்ணுல மூக்குல தண்ணியா ஊத்துது, ஸ்கூலே அதிர்ற மாதிரி கத்தி அழுதுக்கிட்டே ஒவ்வொரு படியா இறங்கறா. அவ கிளாஸ் புள்ளைங்க அவளை முந்தாம, அவ வேகத்துக்கே வர்றாங்க. வரிசைல வந்து நின்னா. நின்ன பொறவும் அழுகை நிக்கல. டீச்சர் எண்ணினாங்க, யாரையும் குறைக்காம எண்ணினாங்க.

கரெஸ்பாண்டன்ட் சாருக்குப் பொறுக்கல. எஸ்தர்கிட்டப் போய், அந்த ஆபீசருக்குக் கேக்காத மாதிரி முணுமுணுத்தாரு. "என்னங்க அம்மணி இது, இப்படிக் கத்தறா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? அந்த ரூம்ல இருந்தப்ப எவ்வளவு அமைதியா இருந்தா!"

எஸ்தர் மகளையே பாத்துக்கிட்டு நின்னாங்க. சார் பக்கம் திரும்பக்கூட இல்ல.

"அழுவட்டுமுங்க சார். வெளிய நின்னுதானுங்களே அழுவுறா."